காட்டுகிற பணம்

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று எங்கள் வீட்டில் முதலில் வந்து சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன். படிப்பு இலவசம்தான், யார் இல்லை என்றார்கள்? சோறு இலவசமா? இருக்கிற அறைக்கு வாடகை இலவசமா? ஒரு இருமல் வந்தால் மருந்து இலவசமா? மனுஷன் பாடப் புத்தகத்தையா பிய்த்துத் தின்ன முடியும்?

நான் பானு. புனே விஷ்ராந்த்வாடியில் என் அக்கா பவுன் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் ஒரு புருஷன் இருந்தான், இப்போது இல்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். தினமும் பஸ் பிடித்து பாணேருக்குப் போய் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமைக்கிறேன். எல்லாம் ஐ.டி. கம்பெனிப் பெண்கள். சப்பாத்தி கொஞ்சம் கருகினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் பீட்ஸா வரவழைக்கிற ஜாதி. அவர்கள் என்னை 'மாவுஷி' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அதற்குச் சித்தி என்றுதான் அர்த்தம். ஆனால் நான் பெறாமல் எனக்குப் பெண்ணாக இருப்பவள் ஒருத்திதான், பவுனின் மகள் ப்ரீதி. அவளைத்தான் மாக்டபுர்க் என்று ஒரு ஊருக்கு எம்.எஸ். படிக்க அனுப்பினோம். என் வாயில் அந்த ஊர் மக்குபுரம் என்றுதான் வரும். "சித்தி, நீ வேணும்னே சொல்ற" என்று சிரிப்பாள்.

அந்த ஊர் சர்க்காரில் ஒரு சட்டம் இருக்கிறது. படிக்க வருகிற பிள்ளை, ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகிற பணத்தை முன்கூட்டியே அங்கே ஒரு கணக்கில் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் விசா. நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மொத்தமாக எடுக்க முடியாது, பூட்டி வைத்துவிடுவார்கள். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிள்ளையின் கையில் விடுவார்கள். எங்கிருந்தோ வருகிற பிள்ளைகள் தங்கள் ஊரில் பட்டினி கிடக்கக் கூடாது என்று போட்ட சட்டம் அது. நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பிள்ளையைப் பட்டினி போட்டார்கள்.

பன்னிரண்டு லட்சத்துக்கு எங்கள் மாமா எங்கே போவார்? மாமா என்றால் பவுனின் வீட்டுக்காரர், பரமசிவம். கட்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்ததில் பாதி இந்த வீட்டுக்குப் போனது, மீதி ஏஜெண்டுக்கும் டிக்கெட்டுக்கும் போனது. அப்போதுதான் சுப்பையா வந்தார். அவரும் அதே தொழிற்சாலையில் இருந்தவர்தான். வெளிநாடு போகிற பிள்ளைகளின் வீடுகளுக்குப் பணம் கொடுக்கிறார். வட்டிக்கடை என்று சொன்னால் கோபம் வரும். "இது காட்டுற பணம்மா. பேங்குக்குக் காட்டுறோம், விசா வாங்குறோம், திருப்பிடுறோம். அவ்ளோதான்" என்பார்.

அதாவது, கணக்கில் போடுகிற பணம் சுப்பையாவுடையது. வட்டியை முதலிலேயே பிடித்துக்கொள்வார். வீட்டுப் பத்திரம் அவரிடம் இருக்கும். அங்கே மாதா மாதம் ப்ரீதியின் கைக்கு வருகிற பணத்தை அவள் ஒரு காசு தொடாமல் அப்படியே இவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

"அப்ப அவ சோத்துக்கு இன்னா பண்ணுவா?" என்று கேட்டேன்.

"பார்ட் டைம் வேல செய்வா. அங்க எல்லாப் புள்ளைங்களும் செஞ்சிக்கினுதான் படிக்குது" என்றார் மாமா.

"கெடைக்கலன்னா?"

"நல்ல காரியம் பேசறப்பவே வாய வைக்கிறியே பானு! உங்கக்கா கல்யாணத்துக்குப் போட்ட ஆரம், ஒட்டியாணம் எல்லாம் யாருது? இரவல்தானே? போட்டோவுல இன்னிக்கும் ஜொலிக்குது. மறுநாளு காலைல கழட்டிக் குடுத்தாங்க. யாரு வந்து இன்னா கேட்டாங்க? அந்த மாதிரிதான் இதுவும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் சனத்தில் அது பழக்கம்தான். பெண்ணுக்குப் பவுன் என்று பேர் வைக்கத் தெரிந்த எங்கள் அப்பாவுக்கு ஒரு பவுன் வாங்க வழியில்லை. அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்டு, போட்டோ எடுத்து, விடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். மாமாவுக்கு அந்த இரவல் நகையும் இந்தப் பணமும் ஒன்றாகப் பட்டுவிட்டன.

"கழுத்து சும்மா கெடந்தா மானந்தான் போவும் மாமா. வயிறு சும்மா கெடந்தா?" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. பவுன் என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய், "உன் வாய வச்சிக்கினு சும்மா இருடி, புள்ளைக்கு ஆசையா இருக்குது" என்றாள்.

ப்ரீதிக்கு ஆசைதான். "டென்ஷன் மத் லே, சித்தி. நா பாத்துக்கறேன்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தமிழ் அப்படித்தான், பாதி இந்தி, பாதி மராத்தி, நடுவில் எங்கள் ஆரணி.

அவள் கிளம்புகிற வாரம் மாமா தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார். எங்கள் புனேயில் எதற்குத்தான் ஃப்ளெக்ஸ் இல்லை? ப்ரீதி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம், பின்னால் ஏரோப்ளேன், மராத்தியில் ஹார்திக் அபிநந்தன், அதாவது மனமார்ந்த வாழ்த்துகள். கீழே வாழ்த்துகிறவர்கள் வரிசையில் முதல் போட்டோ சுப்பையாவுடையது. கறுப்புக் கண்ணாடி வேறு.

போனதும் ஒரு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது. பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வேலை. அந்தக் கூலியில் வாடகையும் சாப்பாடும் இழுத்துப் பிடித்து ஓடின. காட்டுகிற பணம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாக்கில் சுப்பையாவுக்கு வந்துவிடும். அவர் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் 'வந்தது' என்று ஒரு சொல் அனுப்புவார், கூடவே கும்பிடுகிற கை. மாமா அதை எல்லாரிடமும் காட்டுவார். "பாத்தியா, எம்பொண்ணு எப்டி கரெக்டா அனுப்பறா!"

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிடங்கில் பார்சல் குறைந்துவிட்டது. ஆட்களை நிறுத்தினார்கள். ப்ரீதியையும் நிறுத்தினார்கள். அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஜெர்மன் பேச வருமா என்று கேட்டார்கள். படிக்கிறது இங்கிலீஷில், பாத்திரம் கழுவுவதற்கு ஜெர்மன் வேண்டுமாம். இதை அவள் போனில் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பதினைந்தாயிரத்தை அனுப்பினேன். இங்கே அது எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அங்கே போய் நூற்றைம்பது யூரோ ஆனது. இன்சூரன்ஸ் கட்டாயமாம், ஒரு மாத இன்சூரன்ஸுக்கே அது சரியாகப் போய்விட்டது. "தேங்க்ஸ் சித்தி, ரொம்ப ஹெல்ப்பா இருந்துச்சி" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது.

மாமாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுப்பையா வீட்டுக்குப் போனேன். ரெண்டே ரெண்டு மாதத்துப் பணத்தை விட்டுக்கொடுங்கள், பிள்ளை சாப்பிடட்டும், வேலை கிடைத்ததும் சேர்த்து அனுப்புவாள் என்று கேட்டோம். அவர் டீ கொடுத்தார், பார்லே பிஸ்கட் கொடுத்தார்.

"அது காட்டுற பணம்மா. காட்டுற பணத்த யாராவது திம்பாங்களா? உங்களுக்கு விட்டா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்க. எம்பணமும் நாலு எடத்துல வாங்குனதுதான்" என்றார். சத்தம் போடவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், பிஸ்கட் கொடுக்கிறவனை என்ன செய்வது? மாமா தலையாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு போன் பேச்சு குறைந்தது. "சாப்ட்டியாடி?" என்று கேட்டால் "ஹா சித்தி, ஆலூ" என்பாள். நேற்றும் அதே உருளைக்கிழங்கு, அதற்கு முந்தின நாளும் உருளைக்கிழங்கு. வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்பாள். பணம் அவள் பேரில்தான் இருந்தது, அவள் கைக்குத்தான் வந்தது. ஒரு மாதம் அனுப்பாமல் தின்றிருந்தால் சுப்பையா என்ன, ஏரோப்ளேன் ஏறியா வந்திருப்பார்? ஆனால் இங்கே வீட்டுப் பத்திரம் அவர் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. கொஞ்சம் கெட்ட பிள்ளையாக வளர்த்திருக்கலாம்.

பிப்ரவரி பிறந்ததும் ஒரு நாள் அவள் போன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பியது எல்லாம் ஒரு டிக்கோடு நின்றது. பவுன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காய் நறுக்க மாட்டாள், குளிக்க மாட்டாள். "பரீட்ச இருக்கும், போன ஆஃப் பண்ணிட்டு படிக்கிறா போல" என்று மாமா அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே யாரைக் கேட்பது, எந்த நம்பருக்கு அடிப்பது, ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. கூட ஒரு நாக்பூர் பெண் தங்கியிருக்கிறாள் என்று மட்டும் தெரியும். அவள் நம்பரை யாரும் வாங்கி வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐந்தாம் தேதி வந்தது. சுப்பையாவிடமிருந்து மெசேஜ், 'வந்தது', கும்பிடுகிற கை.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பணம் வந்துடுச்சி! நா சொல்லல? அவ போட்டாத்தானே வரும்? நல்லாத்தான் கீறா!" பவுன் அந்த மெசேஜைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் குளித்தாள், கேசரி கிண்டினாள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள், நானும் தின்றேன். பணம் வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள், எங்கள் வீட்டுக் கணக்கு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுனின் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது. நான்தான் எடுத்தேன். அந்த நாக்பூர் பெண். "மாவுஷி, கப்ராவூ நகா" என்று ஆரம்பித்தாள். பயப்படாதீர்கள் என்று ஒருத்தி ஆரம்பித்தால் அதற்குப் பிறகு யாருக்கு உயிர் இருக்கும்? ப்ரீதி சமையலறையில் விழுந்து கிடந்தாளாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். முதல் சில நாள் பேச்சே இல்லையாம், இப்போதுதான் கண் விழித்துப் பேசுகிறாளாம். கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டதற்கு இவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். எங்கள் நம்பர் ப்ரீதியின் போனில் இருந்தது. அந்தப் போனை வாடகைக்காக விற்றுவிட்டிருந்தாள்; கண் விழித்து அவளே சொன்ன பிறகுதான் இவளுக்கு நம்பர் கிடைத்ததாம்.

பிறகு போனைப் படுக்கைப் பக்கம் திருப்பினாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கன்னத்து எலும்பும் கண்ணும்தான் இருந்தன. பவுன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

ப்ரீதி முதலில் கேட்டது இதுதான். "அம்மா, பணம் வந்துச்சா?"

"வந்துச்சி கண்ணு, வந்துச்சி" என்று பவுன் அழுதாள். "இந்த நெலமையிலயும் அனுப்பினியேடி!"

"நா எங்கம்மா அனுப்பினேன். அது ஆட்டோமேட்டிக். பேங்க்ல ஒரு வாட்டி சொல்லி வச்சிட்டா அதுவே மாசாமாசம் போய்டும். ஜனவரியிலதான் அப்டி பண்ணேன். கைல இருந்தா சாப்ட்ருவேன் இல்ல, அதான்."

மாமா டி.வி.யை நிறுத்தினார். நாங்கள் கேசரி தின்ற அன்றைக்கு அவள் பேச்சு மூச்சில்லாமல் அங்கே கிடந்திருக்கிறாள். பணம் பாட்டுக்கு வந்திருக்கிறது.

"அம்மா" என்றாள். ரொம்ப மெதுவாக. "நா வந்துடட்டா?"

நான் இடையில் புகுந்தேன். "வாடி! எழுந்து நடக்க முடிஞ்சதும் கெளம்பி வா. டிக்கெட்டு நா போடறேன். எங்கைல வளையல் இருக்குது. எவன் இன்னா சொல்லுவான்னு நா பாத்துக்கறேன்."

"அம்மா சொல்லட்டும் சித்தி."

பவுன் மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். 'வா' என்ற ஒரே எழுத்து. தமிழில் அதைவிடச் சின்னச் சொல் கிடையாது. பெற்றவள் வாயில் அது வரும் என்று நான் காத்திருந்தேன்.

"இவ்ளோ தூரம் போய்ட்டியே கண்ணு" என்றாள் பவுன். "முனையில ஃப்ளெக்ஸ் எல்லாம் வச்சி அனுப்பினோம். இப்ப வந்து நின்னா நாலு பேரு இன்னா கேப்பாங்க? இன்னும் கொஞ்ச மாசந்தானே? காட்டுன பணம் தீந்துடும். அப்புறம் நீ சம்பாதிக்கறது பூரா உனுக்குத்தான். கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கினு இருந்துடுடா."

ப்ரீதி சொன்னாள். "அடுத்த வருஷம் விசாவுக்கு மறுபடி காட்டணும்மா."

இது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த ஏஜெண்ட் கடங்காரன் சொல்லவில்லை, சுப்பையா சொல்லவில்லை. பவுன் மறுபடி மாமாவைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றாள் ப்ரீதி. "நர்ஸ் வராங்க, வைக்கறேன்."

போன் அணைந்ததும் நான் பேசிய பேச்சை எழுத முடியாது. "நீயெல்லாம் பெத்தவளாடி?" என்று ஆரம்பித்தேன். கையில் கிடைத்த ரிமோட்டை எடுத்து வீசினேன், அது மாமாவின் தோளில் பட்டது. அன்றிலிருந்து பவுனோடு பேச்சை நிறுத்தினேன். பாணேரில் அந்தப் பெண்கள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போவதை நான்தான் தினமும் குப்பையில் கொட்ட வேண்டும். ஒருத்தியைப் பிடித்து, "சாப்டு, இல்லாட்டி எழுந்திரிக்க விடமாட்டேன்" என்று தமிழில் கத்திவிட்டேன். அவள் பயந்து போய் ஓனரிடம் புகார் சொன்னாள்.

பவுனுக்கும் சோறு இறங்கவில்லை. பரிமாறுவாள், தான் உட்கார மாட்டாள். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்ததும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "எங்கூட வா" என்றாள். மாமாவிடம் சொல்லவில்லை. நேராகச் சுப்பையா வீட்டுக்குப் போனோம்.

உள்ளே போனதும் அவர் காலில் விழப் போனாள். "எம்பொண்ணு திரும்பி வந்துடட்டும். உங்க பணத்துக்கு வூட்ட எழுதிக்குங்க, எம்பேர எழுதிக்குங்க, இன்னா வேணா எழுதிக்குங்க."

சுப்பையா பதறி எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது? வரட்டுமே! அவ வந்துட்டா அந்தக் கணக்க மூடிடலாம். பூட்டி வச்ச மிச்சப் பணம் மொத்தமா திரும்பி வந்துடும். எனக்கு இன்னும் சீக்கிரம் வந்த மாதிரிதான். வர வேணான்னு நா எப்ப சொன்னேன்?"

அவர் சொல்லவில்லைதான். யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

திரும்பி வருகிற வழியில், ஆளந்தி ரோட்டில், வண்டி வாகனங்களுக்கு நடுவில் பவுன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம்புள்ளய ஒரு ஃப்ளெக்ஸுக்குப் பயந்து வேணான்னு சொல்லிட்டேனே, பானு!" ரிக்‌ஷாக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, யாராவது செத்துவிட்டார்களா என்று இந்தியில் கேட்டான். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நாக்பூர் பெண்ணின் நம்பருக்குப் போட்டோம். ப்ரீதி அறைக்கு வந்துவிட்டிருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமாவும் வந்து பின்னால் நின்றார்.

"கண்ணு, வந்துடு" என்றாள் பவுன். மூச்சு விடாமல் சொன்னாள். "சுப்பையாகிட்ட பேசிட்டேன். பணம் பிரச்சன இல்ல. சித்தி டிக்கெட்டு போடறா. அம்மா அன்னிக்கி புத்தி கெட்டுப் பேசிட்டேன்டா. நீ வந்துடு, அது போதும்."

ப்ரீதி சிரித்தாள். பழைய சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "இல்லம்மா. நீ அன்னிக்கி சொன்னது கரெக்ட். இவ்ளோ தூரம் வந்துட்டு எதுக்குத் திரும்பணும்? நா இருந்துடுவேன்."

"வேல இல்லாம சோத்துக்கு இன்னாடி பண்ணுவ?"

"அத நெனச்சி நீ டென்ஷன் ஆகாதம்மா" என்றாள், எங்களைச் சமாதானப்படுத்துகிற குரலில். "இப்பல்லாம் எனக்குப் பசிக்கறதே இல்ல."